நகராதது வீடு

விரைவூர் அரசவையில் மன்னர் நடுவே அரியணையில் இருந்தார். வலப்புறம் சாலை மந்திரி. இடப்புறம், பலூனிலிருந்து இறங்கித் தலைசுற்றல் தீராத படப்பிடிப்பு அதிகாரி. கதவோரம் மணைப்பலகையில், அரசுக் கடிதங்கள் எழுதும் திருமேனி. சாலையில் சிக்கியவர்கள் சார்பில் யாருமில்லை. அவர்களால் வந்து சேர முடியவில்லை.

நெரிசலை வானிலிருந்து படமெடுத்து ஆராய வேண்டுமென்பது மன்னரின் ஆணை. மரங்கள் படத்தை மறைத்ததால் வெட்டச் சொன்னார்கள். வெட்டிய மரங்கள் சாலையிலேயே கிடந்தன.

"நேற்றுக் காலை, நேற்று மாலை, இன்று காலை. மூன்று படங்களிலும் வண்டிகள் அதே இடத்தில் நிற்கின்றன, மகாராஜா" என்றார் அதிகாரி.

"அப்படியானால் அவை வண்டிகளே அல்ல. நகராதது வீடு" என்றார் மந்திரி. "தங்கள் ஆட்சியில் ஒரே நாளில் நானூறு வீடுகள்!"

திருமேனி படங்களை எட்டிப் பார்த்தார். வடக்குச் சந்தியில், தார்ப்பாயில் சதுர ஒட்டுப் போட்ட வண்டி. அவரே தைத்த ஒட்டு. நேற்று விடியற்காலை பிரசவ வலி கண்ட மனைவி பூங்காவனத்தை மைத்துனன் அதில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். இன்றைய படத்தில் தார்ப்பாயின்மேல் சின்னச் சின்ன வெள்ளைத் துணிகள்.

"துணி காய்கிறது பாருங்கள். குடித்தனம் நடக்கிறது!" என்றார் மந்திரி.

குழந்தைத் துணியா, வேறெதற்காவது நனைத்த துணியா என்று திருமேனிக்குத் தெரியவில்லை.

"ஐயா, அதுல இருக்கறது என் வீட்டுக்காரிய்யா. புள்ளத்தாச்சி. வண்டிக்கு முன்னால கெடக்குற அந்த மரத்த மட்டும் இழுத்துப் போடச் சொல்லுங்கய்யா."

"குடியிருப்பவர்களைக் கிளப்புவதா? தேர்தல் வேறு வருகிறது, ஓய்!" என்றார் மந்திரி. "எல்லா வீட்டுக்கும் கதவிலக்கம் கொடுத்துக் கடிதம் எழுதும். முகவரியை விட்டு அனுமதியின்றி நகர்வது குற்றமென்றும் சேர்த்துக்கொள்ளும். முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது."

திருமேனி வடக்குச் சந்தியிலிருந்தே தொடங்கினார். கதவிலக்கம் 1. 'குடியிருப்போர் எண்ணிக்கை' என்ற இடத்தில் பேனா நின்றது. மைத்துனன் ஒன்று, பூங்காவனம் இரண்டு. அதற்குமேல் கை ஓடவில்லை; இரண்டு என்று எழுதவும் துணிவில்லை. அந்த இடத்தை வெற்றாக விட்டு, கீழே எழுதினார்: 'எண்ணிக்கையை நீங்களே நிரப்பி உடனே திருப்பி அனுப்பவும். மிக மிக அவசரம்.'

அரக்கு வைத்து முத்திரையிட்டுத் தபால்காரர் மாசிலாவிடம் நீட்டினார்.

"வெசனப்படாதீங்க சாமி. குறுக்கால நடந்தா அரை மணி நேரம், பதிலோட வந்துருவேன்."

"அரசுக் கடிதம் நடந்து போவதா?" என்றார் மன்னர். "வண்டி பூட்டுங்கள்!"

மாசிலாவையும் கடிதத்தையும் ஏற்றிக்கொண்டு அரண்மனை வண்டி வாசலைத் தாண்டியது. மந்திரி திரும்பிப் பார்க்காமலே, "ஓய், 401 என்று இன்னொரு கதவிலக்கமும் எழுதி வையும்" என்றார்.