ஒன்பது பாடமும் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும்

அன்புக்கும் மதிப்புக்கும், இந்த முறை கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டம்மா, என் மகளான உன் மருமகள் மூவரும் நலம். நான் பார்த்துக்கொள்ளும் நான்கு லிஃப்டுகளில் மூன்று நலம். அங்கே நீயும் அத்தானும், அத்தானின் இடது முழங்காலும் நலம்தானே? அடுத்த மாதம் வந்து இரண்டு வாரம் தங்கப்போவதாக நீ சொன்னதிலிருந்து வீட்டில் ஒரே கொண்டாட்டம். எனக்கு மட்டும் ஒரு பயம். போனில் பேசினால் பக்கத்தில் இருப்பவர்கள் காதில் விழும் என்றுதான் கடிதம். இதைத் தனியாக உட்கார்ந்து படி. அத்தானுக்குக்கூட வாசித்துக் காட்டாதே.

விஷயம் இதுதான். உன் மருமகள் இந்த வருஷம் ஆரம்பப் பள்ளி முடித்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள் அல்லவா? ஆரம்பப் பள்ளியில் ஒரே டீச்சர். கணக்கும் அவர்தான், பாட்டும் அவர்தான், மூக்கு ஒழுகினால் துடைத்துவிடுவதும் அவர்தான். இங்கே ஒன்பது பாடம், ஒன்பது ஆசிரியர். மணி அடித்தால் பையைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஓட வேண்டும், அந்தப் பள்ளியில் லிஃப்டும் கிடையாது. முதல் நாள் சாயங்காலம் கால அட்டவணையைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்து, கணிதம், அறிவியல், வரலாறு, புவியியல் என்று விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துக்கொண்டு வந்தவள், கணினியைத் தொட்டதும் "எனக்கு இதெல்லாம் வராதுப்பா, நான் பழைய ஸ்கூலுக்கே போறேன்" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் அழுதால் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "அட, இதுக்கா அழுவாங்க? இதெல்லாம் அப்பா ஊதித் தள்ளின பாடம். அறிவியல்ல நான்தான் முதல் மார்க்கு. தினமும் நான் சொல்லித் தர்றேன், போதுமா?" அழுகை நின்றது. நான் மாட்டிக்கொண்டேன். அந்த வகுப்பின் வாசற்படியைக்கூட நான் மிதித்ததில்லை என்பது உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நம் அப்பா படுத்த படுக்கையான வருஷம் நீ துணிக்கடைக்கும் நான் லிஃப்ட் கம்பெனிக்கும் வேலைக்குப் போனோமே, அதோடு என் படிப்புக்கு முற்றுப்புள்ளி.

சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே! காலையில் அவள் குளிக்கப் போனதும் அன்றைய பாடப் பக்கங்களை போனில் படம் பிடித்துக்கொள்வேன். மத்தியானம் மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் இருக்கும் மெஷின் ரூமில் உட்கார்ந்து படிப்பேன். படிக்கும்போது யாரும் கூப்பிடக் கூடாதே என்று லிஃப்டை நிறுத்தி 'வேலை நடக்கிறது' போர்டை மாட்டிவிடுவேன். பொய் இல்லை, வேலை நடக்கத்தானே செய்கிறது? ஒரு நாள் நீர்ச் சுழற்சி பாடம். கடல் தண்ணீர் ஆவியாகி மேலே போய், மேகமாகித் திரும்பக் கீழே வந்து சேர்வதற்குள் ஒரு மணி நேரம் ஓடிப்போனது. எட்டாம் மாடி பல் டாக்டர் கையில் காய்கறிப் பையோடு அத்தனை படியும் ஏறி, மூச்சு இரைக்க மெஷின் ரூமுக்கே வந்துவிட்டார். "என்னப்பா கோளாறு?" என்றார். தூக்கிவாரிப் போட்டதில் "ஆவியாதல் சார்" என்று சொல்லிவிட்டேன். "அது ஆபத்தா?" என்று கேட்டுவிட்டு, அன்றிலிருந்து படியிலேயே போகிறார்.

கணிதத்தில் மைனஸ் எண்கள் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். நான் வேலை பார்க்கும் கட்டடத்தில் தரைக்குக் கீழே இரண்டு தளம் வண்டி நிறுத்தத்தானே இருக்கிறது! மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு என்று பட்டனே இருக்கிறது. பதினெட்டு வருஷமாக நான் மாற்றிக்கொண்டிருக்கும் பட்டன். விரல் சொடுக்கும் நேரத்தில் விளக்கிவிட்டேன். அடுத்தது, மைனஸ் இரண்டிலிருந்து இன்னும் மூன்று கழிக்க வேண்டும். "மைனஸ் அஞ்சுப்பா" என்றாள். எனக்குள் இருந்த மெக்கானிக் சும்மா இருந்தானா? "அது எப்படிம்மா? மைனஸ் ரெண்டோட தளம் முடிஞ்சுது. அதுக்குக் கீழ குழிதான் இருக்கு. இல்லாத தளத்துக்கு லிஃப்ட் போகும்னு எழுதிக் கொடுத்தா நாளைக்கு யார் பதில் சொல்றது?" என்று கேட்டேன். அவளும் 'விடை: குழி' என்று எழுதினாள். கணித ஆசிரியர் பக்கத்தில் சிவப்பு மையில் 'எந்தக் குழி?' என்று கேட்டிருந்தார்.

சரி, கணக்கில்தான் சறுக்கியது, மின்சாரத்தில் என்னை யார் அசைப்பது என்று அறிவியல் செய்முறையில் இறங்கினேன். பாட்டரி, பல்பு, சுவிட்ச் மூன்றையும் ஓர் அட்டையில் இணைத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அவ்வளவுதான் கேட்டார்கள். ஆனால் பாதுகாப்பு என்று ஒன்று இல்லையா? அவசர நிறுத்த பட்டன் வைத்தேன். கம்பி அறுந்தால் அலற ஓர் அலாரமும் வைத்தேன். "அப்பா, ஒரு பல்புக்கு எதுக்கு இவ்ளோ?" என்றாள். "உள்ள ஆள் மாட்டிக்கிட்டா?" என்றேன். பள்ளிக்குப் போகிற வழியில் பேருந்தின் குலுக்கலில் ஒரு கம்பி தளர்ந்து, வகுப்பில் வைத்து அலாரம் அலறி, தீப்பிடித்துவிட்டது என்று பள்ளியின் முந்நூறு பிள்ளைகளையும் மைதானத்தில் வரிசையாக நிறுத்தித் தலை எண்ணிவிட்டார்கள். அவசர பட்டனை அழுத்தி அதை நிறுத்தத் தெரிந்தவள் உன் மருமகள் ஒருத்திதான். அவள் அதற்குள் மைதானத்துக்குப் போய்விட்டாள்.

இதற்கெல்லாம் சிகரமாக வகுப்பு ஆசிரியையே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வீட்டுப்பாட நோட்டில் தினமும் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். நான் வேலையில் எழுதும் பழக்கத்திலேயே எழுதிவந்திருக்கிறேன். வரலாற்றுக் கட்டுரைக்குக் கீழே 'சோதித்தேன். அதிர்வு இல்லை. பயன்படுத்தலாம்.' அவள் வரைந்த வீட்டுப் படத்துக்குக் கீழே 'ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது.' ஆசிரியை நோட்டைத் திருப்பிக் காட்டி, "சார், கையெழுத்து மட்டும் போதுமே" என்றார். "எதைப் பார்த்தேன்னு எழுதாம எப்படிங்க மேடம் கையெழுத்துப் போடறது?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்: "உங்க பொண்ணு க்ளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லுது, எங்கப்பாவுக்குத் தெரியாததே இல்லைன்னு."

அக்கா, அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்தேன். எந்தப் பேருந்தில் ஏறுவது என்றே தோன்றவில்லை. அவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு, "அப்பா, ஒரு சந்தேகம்" என்று உட்காரும் அந்த அரை மணி நேரம்தான் எனக்கு அந்த நாள் முழுவதும். அப்பாவும் தன்னைப் போலத்தான், ஒன்றும் தெரியாதவர் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால் அந்த நாற்காலி அவள் அறைக்கே போய்விடும். எனக்கு அதுதான் பயம். உன் வாயில் எதுவும் தங்காது, கோபித்துக்கொள்ளாதே. சாப்பிட உட்கார்ந்ததும் "அந்த வருஷம் அப்பா படுத்தப்போ" என்று நீ ஆரம்பித்துவிடுவாய். இந்த இரண்டு வாரம் மட்டும் வேண்டாம். யாராவது கேட்டால், என் தம்பி அறிவியலில் முதல் மார்க் என்று சொல். புவியியலில் இரண்டாவது என்று சேர்த்துக்கொள், அப்போதுதான் நம்புவார்கள்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் இருவர் ஆசியும் எங்கள் மூவருக்கும், குறிப்பாக எனக்கு, எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உன் நம்பிக்கைக்கு உரிய தம்பி

பி.கு.: அக்கா, மேலே எழுதியதில் நலம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடு. உறை தேடி எழுந்து போன நேரத்தில், நான் வீட்டுப்பாடம் எழுதுகிறேன் என்று நினைத்து உன் மருமகள் இதைப் படித்துவிட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் சாவகாசமாக, "எனக்குத்தான் முதல்லயே தெரியுமேப்பா. ஸ்கூல்ல சேர்க்கிற படிவத்துல 'தந்தையின் கல்வி'ன்னு இருந்த இடத்துல 'ஆரம்பப் பள்ளி'ன்னு நீங்கதானே எழுதினீங்க? அதை ஆபீஸ்ல கொண்டுபோய்க் கொடுத்தது நான்" என்றாள். உண்மைதான். வாயால் எது வேண்டுமானாலும் சொல்வேன், கையெழுத்துப் போடும் காகிதத்தில் பொய் எழுத எனக்கு வராது. "அப்புறம் எதுக்குடா கண்ணு தினமும் என்கிட்ட சந்தேகம் கேட்டே?" என்றேன். "நான் கேட்டாத்தானே நீங்க படிப்பீங்க. உங்களுக்குப் பிடிச்சிருக்குல்ல?" என்றாள். பிடித்திருக்கிறது என்று தலையை ஆட்டினேன். ஆகவே நீ தாராளமாக வா, எல்லாக் கதையையும் சொல். ஆனால் சாயங்காலம் ஆறிலிருந்து ஆறரை வரை மட்டும் பேச்சுக் கொடுக்காதே. எனக்கு அவள் பரீட்சை வைக்கப்போகிறாள். நான் தேறினால்தான் அடுத்த வகுப்புக்குப் போவாளாம், இரண்டு பேரும் சேர்ந்துதான் போவோமாம்.