மூன்று மில்லிமீட்டரும் முப்பத்தொரு முகமும்

இயற்பியல் ஆசிரியை ஒருத்தி லென்ஸிடம் தோற்றுப்போனதை வெளியே சொல்லக்கூடாது. ஆனால் என் தோல்வியை நேரில் பார்த்தவர்கள் நிறைய பேர், பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு உட்பட. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

டிஜிட்டல் கேமரா காஞ்சிபுரத்துக்குப் புதிதாக வந்திருந்த காலம். சென்னையில் வேலை பார்த்த என் தம்பி, யாரோ பயன்படுத்திய பெரிய கேமரா ஒன்றை எனக்காக வாங்கி வந்தான். உடம்பு மட்டும்தான்; லென்ஸ் கிடையாது. வீட்டு அலமாரியில் செத்துப்போன ரஷ்ய ஃபிலிம் கேமரா ஒன்று கிடந்தது. அதன் லென்ஸ் மட்டும் பளிங்கு மாதிரி இருந்தது. கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். இரண்டையும் சேர்த்துவிட்டால் என்ன என்று தோன்றியது. (இருபத்தெட்டு வயதில் அப்படித்தான் தோன்றும்.)

சேர்க்க நடுவில் ஒரு வளையம் வேண்டும். லேத் பட்டறை சலீம் பாயிடம் போனேன். அவர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெல்லிசாகக் கடைந்தால் போதும் என்றார். நான் விடவில்லை. கனமான லென்ஸ், கெட்டியாக இருந்தால்தான் தாங்கும் என்று அவருக்கே விசை, எடை எல்லாம் பாடம் நடத்தினேன்.

"படிச்சவங்க சொல்றீங்க, சரியாத்தான் இருக்கும்மா" என்று மூன்று மில்லிமீட்டர் கூட்டியே கடைந்து கொடுத்தார்.

வீட்டில் சோதித்தேன். டம்ளர், மல்லிகைப்பூ, என் கணவரின் மூக்கு. ஒவ்வொரு படமும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் தலைமையாசிரியை வசந்தா மேடம் அந்த வாரம் ஓய்வு பெறுவதாக இருந்தது. வழக்கமாக வரும் ஸ்டுடியோக்காரரை வரவேண்டாம் என்று சொல்லச் சொல்லி, குரூப் போட்டோவை நானே எடுக்கிறேன் என்று அறிவித்தேன்.

அன்று காலை வேப்பமரத்தடியில் நாற்காலியும் பெஞ்சும் போட்டு முப்பத்தொரு பேர் தயாராக இருந்தார்கள். நடுவில் மாம்பழ நிறப் பட்டில் வசந்தா மேடம். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. நான் கேமராவைக் கண்ணில் வைத்தேன். ஒரே பனிமூட்டம். லென்ஸைக் கடைசிவரை திருகினேன். அப்போதும் பனிமூட்டம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். லென்ஸைத் துடைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

கொஞ்சம் முன்னால் வரச் சொன்னேன். நாற்காலியோடு வந்தார்கள். போதவில்லை. இன்னும் கொஞ்சம். பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நானும் முன்னே ஓடினேன், பின்னே ஓடினேன்.

"என்னாம்மா, தறியில நாடா ஓடுறா மாதிரி போய்க்கினு வந்துக்கினு இருக்கீங்க" என்றார் பள்ளியைப் பெருக்கும் முனியம்மா அக்கா, பின்வரிசையிலிருந்து.

கடைசியில் என் கைக்கெட்டும் தூரத்தில் வசந்தா மேடத்தின் முகம் மட்டும் சட்டென்று தெளிந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வளையம் கெட்டியானதால் லென்ஸ் மூன்று மில்லிமீட்டர் முன்னால் தள்ளிப்போய்விட்டது. இனி அதற்குப் பக்கத்தில் இருப்பதுதான் தெரியும், தூரத்தில் இருப்பது ஜென்மத்துக்கும் தெரியாது. இதே கணக்கைத் தப்பாகப் போட்டதற்காக 'பி' பிரிவில் ஒன்பது பேருக்குப் போன வாரம்தான் முட்டை போட்டிருந்தேன். அந்த ஒன்பது பேரும் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தமிழரசி, நாங்க நாற்காலியிலேயே ரிட்டயர் ஆயிடலாமா?" என்றார் வசந்தா மேடம்.

ஸ்டுடியோக்காரர் அதற்குள் வேறு வேலையாக மாகறல் போய்விட்டார். சாயங்காலம் மேடம் கிளம்பிவிடுவார். ஏதாவது செய்தாக வேண்டும். ஒவ்வொருவராக எடுத்துவிடுகிறேன், எல்லா முகத்தையும் ஒரே தாளில் சேர்த்து அச்சடித்துவிடலாம் என்றேன். மேடமே முதல் ஆளாக வந்து நின்றார்.

அவ்வளவு பக்கத்தில் மூச்சுவிட்டாலே ஃபோகஸ் போய்விடும். நான் மூச்சை அடக்கவேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொள்ளப் போய், "மூச்சு விடாதீங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். மேடம் பயந்து கன்னம் உப்ப மூச்சைப் பிடித்தார். நானும் பிடித்தேன். எங்கள் இரண்டு முகங்களுக்கும் நடுவே ஒரு ரஷ்ய லென்ஸ். மேடம் குபீரென்று சிரித்துவிட்டார். நான் அழுத்திவிட்டேன்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். முனியம்மா அக்கா மட்டும் ஒதுங்கி நின்றார். நான் கூப்பிட்டேன்.

"இத்தினி வருசமா போட்டோல என் கொண்டை மட்டுந்தாம்மா இருக்குது. மூஞ்சி விழுமா?" என்றார்.

விழுந்தது. மூக்குத்தியின் கல்வரை விழுந்தது.

அச்சில் யார் முகம் முதலில் என்று அங்கேயே பேச்சு வந்தது. அகரவரிசைப்படி போடச் சொன்னார் வசந்தா மேடம். 'வ' என்பதால் அவர் கடைசி வரிசைக்குப் போனார். அவருக்கு மேல் வரிசையில், உதவித் தலைமையாசிரியருக்குப் பக்கத்தில், அதே அளவில் முனியம்மா அக்கா. ஓய்வு பெற்ற மேடம் ஒரு வாரம் கழித்து வந்து பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டு வாங்கிப்போனார். அடுத்து ஓய்வு பெற்றவர்களும் "அதே மாதிரி" என்று கேட்டதால், இன்றுவரை எங்கள் பள்ளியில் குரூப் போட்டோ கிடையாது, முகங்கள்தான்.

வீட்டில் மட்டும் மரியாதை இல்லை. நான் எதைத் தூக்கினாலும், கைப்பேசியே ஆனாலும், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் என்னை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். போன பொங்கலுக்கு ஓரிக்கைப் பாலாற்று மணலில் பதினேழு பேர் சிரித்துக்கொண்டே என் மேல் வந்தார்கள். பின்வாங்கிப் பின்வாங்கி மணலில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே கைப்பேசியில் ஒரு படம் எடுத்தேன். அதில் பதினேழு முகமும் தெளிவாக இருக்கிறது, என் கட்டைவிரலும்.