'ஒரு ஆள்' பாயும் ஒன்பது மணியும்

செங்கல்பட்டுக்காரர்களின் பொறுமையை அடிமட்டம்வரை சோதித்துப் பார்த்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். ஷேர் ஆட்டோ 'ஒரு ஆள்' பாய். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். வண்டியில் ஈ காக்கை இல்லாதபோதும், "மாபலிபுரம் ஒரு ஆளு! ஒரே ஆளு!" என்றுதான் கூவுவார். நம்பி ஏறினால், இன்னும் ஏழு பேர் சேரும்வரை வண்டி அசையாது. காலி சீட்டோடு ஓட்டுவது மகாபாவம் என்பது அவர் கட்சி.

மாமல்லபுரத்தில் ஏகப்பட்ட விளையாட்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய போட்டி நடந்தது. பஸ்களைத் திருப்பிவிட்டார்கள், கார்களைத் தடுத்துவிட்டார்கள். அங்கே ஓட்டல் வரவேற்பறையில் வேலை பார்க்கும் நான் வேறு கதியில்லாமல் பாயிடம் சரணடைந்தேன்.

பக்கத்தில் கூடுவாஞ்சேரிப் பெண் செல்வி. பளு தூக்குபவள். ஒன்பது மணிக்குள் போய் எடை காட்டாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்களாம். நான்கு வருட உழைப்பு போய்விடும். எடை கூடக்கூடாதென்று முந்தின நாளிலிருந்து பட்டினி வேறு.

"பாய், எட்டு மணி ஆவுது. வண்டிய எடுங்க பாய்!"

"பேஜாரு பண்ணாதம்மா. ஒரு ஆளு வந்தா பறந்துர்லாம். அதுவரிக்கும் சமோசா துன்னு."

அவளுக்கு அழுகை வந்தது. எனக்கு வந்ததை இங்கே எழுத முடியாது.

ஒரு வழியாக எட்டுப் பேர் சேர்ந்து கிளம்பினோம். மாமல்லபுரம் எல்லையில் போலீஸ் தடுப்பு.

"வெளையாட்றவங்களும் கோச்சும் மட்டுந்தான். மத்தவங்க எறங்கு."

ஆறு பேர் முனகிக்கொண்டே இறங்கினார்கள். பாய் என் தோளில் கை போட்டார். "இவுருதான் சார் கோச்சு."

காஸ் சிலிண்டரை உருட்டி மட்டுமே பழக்கப்பட்டவன் நான். போலீஸ்காரர் என் தொப்பையை நிதானமாகப் பார்த்தார்.

"ஹெவி வெயிட்டு சார்," என்றார் பாய்.

விட்டுவிட்டார்கள். ஆனால் பின்னால் ஆறு சீட்டு காலி. எழவு வீட்டுக்குப் போகிறவர் மாதிரி பாய் ஓட்டினார். வழியில் நீலக் கோட்டு போட்ட மூன்று பேர் வியர்த்து விறுவிறுத்து நடந்துகொண்டிருந்தார்கள். வண்டி கிறீச்சென்று நின்றது.

"ஒரு ஆளு! ஒரே ஆளு!"

"அய்யோ பாய், அஞ்சு நிமிசந்தான் கீது!" என்று செல்வி கத்தினாள்.

"சும்மா போற வண்டிம்மா. வெயில்ல நடக்கிறவங்கள எப்டி வுட்டுட்டுப் போறது? சார், கொஞ்சம் நவுந்து குந்துங்க."

எனக்குத் தெரிந்த வசவையெல்லாம் அங்கேயே தீர்த்துவிட்டேன். அவர் காதில் வாங்கினால்தானே! மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டுதான் கிளம்பினார்.

போய்ச் சேரும்போது ஒன்பது பத்து. செல்வி அழுதுகொண்டே ஓடினாள், பின்னாலேயே நானும். அங்கே எல்லாப் பெண்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எடை பார்க்கும் அறை பூட்டிக் கிடந்தது. நடுவர்கள் இன்னும் வரவில்லையாம். அவர்கள் காரைத் தடுப்பில் நிறுத்திவிட்டார்களாம். எங்களுக்குப் பின்னால் மூச்சு வாங்க வந்த நீலக் கோட்டுக்காரர்களில் ஒருவர் பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார்.

செல்விக்கு நான்காவது இடம் கிடைத்தது. சாயங்காலம் நாங்கள் வெளியே வந்தால், எங்களை இறக்கிவிட்ட அதே இடத்தில் பாய். காலையிலிருந்து ஒரு சவாரிகூடப் போகவில்லை.

"பட்டினி கெடந்த பொண்ணு, பஸ்சுக்கு எங்க போயி நிக்கும்?" என்றார்.

இப்போதும் அவர் வண்டியில் உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். பக்கத்திலேயே வேறு ஆட்டோ கிளம்பிப் போகும். மனசு வராது, ஏறமாட்டேன்.