ஒன்றரையடிச் சுவரும் உங்கள் மாமியாரும்

இராயபுரம்,
வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் பிறகு.

மதிப்புக்குரிய மருமகன் தௌசீஃப் அவர்களுக்கு மாமா தாவூது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் வீடும் நலம். அங்கே நீங்களும், மகள் ஃபராவும், உங்கள் மாமியார் ஷரீஃபுன்னிசாவும், அவளுடைய புதிய முழங்கால் இரண்டும் நலம்தானே? இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். அறை கட்டி முடித்துவிட்டேன். உங்கள் மாமியாரை அனுப்பி வையுங்கள். ஆபரேஷன் முடிந்து உங்கள் பள்ளிக்கரணை ஃப்ளாட்டுக்கு வந்த அன்றைக்கே அவள் எனக்குச் சொன்னது உங்களுக்கும் தெரியும்: "இனிமே மாடிலாம் ஏற முடியாது. கீழ ஒரு ரூமு, உக்காந்து எய்ந்துக்கிற மாதிரி ஒரு கக்கூசு. ரெண்டும் கட்டினு கூப்புடுங்க." நம் வீட்டில் கீழே ஹாலும் சமையலறையும்தான். ஹாலில் கட்டில் போடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை, அது வீட்டின் முகம். ஆகவே பின்பக்கம் புதிதாகக் கட்டுவது என்று முடிவானது. ஐந்து மாதமாக நானே டீ போட்டு நானே குடிக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை.

நீங்கள் ஆர்க்கிடெக்ட், ஐந்து வருஷம் படித்தவர். நான் எட்டாவது பாஸ், மீதியைத் துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் சரக்கு அடுக்கிக் கற்றவன். நீங்கள் அனுப்பிய கலர் படத்தைப் பார்த்தேன். பழைய வீடு, அதற்குப் பிறகு இரண்டடிக்குக் கண்ணாடி, அதற்குப் பிறகு வெள்ளையாக ஒரு பெட்டி. பழசு பழசாகவும் புதுசு புதுசாகவும் தெரிவதுதான் பழைய வீட்டுக்குச் செய்கிற மரியாதை என்று கீழே எழுதியிருந்தீர்கள். மருமகனே, நிக்காஹ் முடிந்து நீங்கள் முதல்முதலாக இந்த வீட்டுக்கு வந்தபோது உங்களை இரண்டடி தள்ளி, நடுவில் கண்ணாடி வைத்தா உட்கார வைத்தோம்?

என் சட்டம் வேறு. பழைய சுவர் எதுவோ புதிய சுவரும் அதுவே. அதே ஒன்றரையடி கனம், அதே சுண்ணாம்பு, ஜன்னலுக்கு மேலே அதே வளைவு, ஜன்னல் கதவில் அதே பச்சை மரச்சட்டங்கள். சிமெண்ட் மூட்டை ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். கொத்தனார் பரசுராமன் கடைசியாகச் சுண்ணாம்பில் வேலை செய்து இருபது வருஷம் ஆனவர், ஆனாலும் நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். கடுக்காயும் வெல்லமும் மூன்று நீல டிரம்மில் ஊறப்போட்டேன். அந்தத் தண்ணீர் சேர்த்தால்தான் சுண்ணாம்பு கல்லாகப் பிடிக்கும். நாலாம் நாள் அது நுரைத்து, தெருமுனை வரைக்கும் வாசனை போய், யாரோ ஒரு புண்ணியவான் போன் போட்டு, இரண்டு போலீஸ்காரர்கள் வந்து டிரம்மை முகர்ந்து பார்த்து என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா மீன் கூடையை இறக்காமலேயே சண்டைக்கு வந்துவிட்டாள். "யோவ், பாய் பீடியே தொடமாட்டாரு, அவரு போயி சாராயம் காச்சுவாரா? சொவுத்துக்கு ஊத்தறாருய்யா!" "சொவுரு குடிக்குமாம்மா?" என்றார் ஒருவர். நான் சொன்னேன்: "குடிக்கும் சார். குடிச்சிட்டு நூத்திருவது வருஷம் ஆடாம நிக்கும்." அவர் அண்ணாந்து பழைய சுவரைப் பார்த்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார்.

பிளான் எங்கே என்று கேட்பீர்கள். பிளான் தரையில் இருந்தது. கப்பல் சரக்கு இறங்குமுன் குடோன் தரையில் சாக்பீஸால் கோடு போடுவோம், இது அரிசிக்கு, இது உரத்துக்கு என்று. அப்படியே பின்பக்கத்தில் படுக்கும் அறை ஒன்பதடிக்கு ஒன்பதடி, ஒட்டினாற்போல் குளியலறை, கதவு, கட்டில் எல்லாவற்றையும் நிஜ அளவில் வரைந்தேன். ஒரு வாரம் அந்தக் கோட்டுக்குள் வாழ்ந்து பார்த்தேன். உங்கள் மாமியாருக்குச் சரிவருமா என்று தெரிய வேண்டாமா? நடக்க உதவும் வாக்கர் ஒன்றை இரவல் வாங்கி, நானே பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கக்கூசுக்கும் கக்கூசிலிருந்து கட்டிலுக்கும் நடந்தேன். எனக்குப் பக்கவாதம் வந்துவிட்டதாகத் தெருவில் பேச்சாகி, ஆளாளுக்கு பிரெட்டும் சாத்துக்குடியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுத்ததைத் திருப்பித் தருவது மரியாதை இல்லை. கன்னியம்மா ஒருநாள் நேராக உள்ளே வந்துவிட்டாள். "ஏம்மா, சொவுத்து மேலயே வர்றியே, கதவு அந்தாண்ட" என்றேன். திரும்பிப் போய், கோட்டுக்கு வெளியே நின்று வாயாலேயே "டிங் டாங்" என்றாள். "பாய், வவ்வா மீனு கீது, வோணுமா? இல்ல, சொவுரு காயட்டும்னு நிக்கட்டா?"

அந்த அளவில் எல்லாம் சரியாக இருந்தது. வாக்கர் தாராளமாகத் திரும்பியது. பிறகு கல் வைக்கிற நாளில் பரசுராமன் கேட்டார்: "நைனா, சொவுரு கோட்டுக்கு உள்ளாறவா, வெளியவா?" இது ஒரு கேள்வியா? துறைமுகத்தில் கோடு என்றால் எல்லை. ஒரு மூட்டை ஒரு விரற்கடை தாண்டினாலும் முழு அடுக்கையும் பிரித்து அடுக்க வைப்பார்கள். "உள்ளே" என்றேன். "உள்ளாற வச்சா ரூமு சின்னதா பூடும் நைனா." "கோட்டைப் போட்டது நான். கல்லை வைக்கிறது நீ." குளியலறைக்கும் படுக்கைக்கும் நடுவே உள்ள சுவர் வந்தபோதும் தயங்கினார். "நடு சொவுரு கூடவா ஒன்ற அடி? கக்கூசு பக்கத்துலருந்து இன்னா பீரங்கியா சுடப்போறாங்க?" இந்த வீட்டில் ஒல்லிச் சுவர் கிடையாது என்று சொன்னேன். கிடையாதுதானே?

இப்போது அறை எப்படி வந்திருக்கிறது தெரியுமா? போன வாரம் பழைய வீடுகளைப் படம்பிடிக்கிற காலேஜ் பிள்ளைகள் ஒரு கூட்டம் வந்தது. முன்பக்கத்தை எடுத்தார்கள், பின்பக்கம் போனார்கள். அறுபது நாள் வயதான என் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு அவர்களில் ஒரு பெண் சொன்னாள்: "இதுதான்டி ஒரிஜினல். முன்னாடி இருக்கிறதெல்லாம் அப்புறம் கட்டினது." நான் திருத்தவில்லை. உங்கள் கண்ணாடியை வைத்திருந்தால் இந்தப் பேச்சு கிடைத்திருக்குமா?

ஒரு சின்ன விஷயம். புதுச் சுவர் மூன்றும் கோட்டுக்குள்ளே ஏறியதில், ஒன்பதுக்கு ஒன்பது என்றிருந்தது ஆறுக்கு ஏழரை ஆகியிருக்கிறது. கட்டில் போட்ட பிறகு பக்கத்தில் ஒன்றேகால் அடி மீதி. வாக்கரின் அகலம் ஒன்றேமுக்கால். இதைப் பெரிதாக்க வேண்டாம். வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தால் போகலாம், நானே போய்ப் பார்த்தேன், நடுவில் மூச்சு விடக்கூடாது, அவ்வளவுதான். உங்கள் மாமியார் இளைத்திருப்பதாக ஃபராவும் சொன்னாள். வெயில் உள்ளே வராது. பக்கத்தில் கல்யாண மண்டபம் மேளம் அடித்தாலும் கேட்காது. உள்ளேயிருந்து கூப்பிட்டால் வெளியே கேட்பதும் கொஞ்சம் கஷ்டம்தான், அதற்கு ஒரு மணி வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆகவே வருகிற வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிவாருங்கள். நீங்களும் வந்து பாருங்கள். பார்த்துவிட்டு உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள். உங்களுக்கும் ஃபராவுக்கும் நீண்ட ஆயுளையும், கேட்டதை ஒருதரத்தில் செய்துகொடுக்கும் கொத்தனாரையும் அல்லாஹ் தருவானாக.

இப்படிக்கு,
பிளான் இல்லாமல் கட்டிய மாமா,
தாவூது.

பி.கு. சனிக்கிழமை. உறை ஒட்டுவதற்குள் உங்கள் மாமியாரே ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள். லிஃப்டில் ஏறி இறங்கி இத்தனை மாதம் ஒன்பதாவது மாடியில் இருந்ததே போதுமாம், ரூம் வந்தாலும் வராவிட்டாலும் வந்துவிடுவதென்று போன வாரமே முடிவு செய்துவிட்டாளாம். புதிய அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க இது, சொவுரு கட்டிட்டு மிச்சம் இருந்த எடத்துல ரூமா?" என்றாள். குளியலறை மட்டும் பாஸ். பரசுராமனைக் கூப்பிட்டுக் கட்டிலை ஹாலில் போடச் சொன்னாள். ஹால் வீட்டின் முகம் என்று நான் சொன்னேன். "இருக்கட்டும். நான் மொகத்துல இருக்கக்கூடாதா?" என்றாள். கட்டிலின் ஒரு பக்கத்தைப் பரசுராமன் பிடித்தார், மறுபக்கத்தை நான் பிடித்தேன். ஆகையால் மேலே 'அனுப்பி வையுங்கள்', 'கூட்டிவாருங்கள்' என்று வருகிற இடங்களை அடித்துவிட்டுப் படிக்கவும். சுவரை இருக்கிறபடி விட்டுவிட்டு உள்ளே இடத்தை மட்டும் பெரிதாக்க உங்கள் படிப்பில் ஏதாவது வழி உண்டா? நான் கேட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சும்மா எழுதுங்கள். நான் மாடியில் படுத்தால் அவள் கூப்பிடுவது காதில் விழாது என்பதால் புதிய அறை எனக்கு என்று ஆகிவிட்டது. அவளுடைய பீரோவும் அங்கேதான். மதியம் பீரோ போக மிச்சமிருந்த இடத்தில் பாய் போட்டு, கதவைத் திறந்துவைத்துப் படுத்துப் பார்த்தேன். தலை புது வீட்டில், கால் பழைய வீட்டில். போகிற வருகிற போதெல்லாம் அவள் வாக்கரை என் காலுக்கு மேலே தூக்கிவைத்துத் தாண்டிப் போகிறாள். டாக்டர் சொன்ன பயிற்சிக்கு இது நல்லது என்கிறாள்.