தவளை பாயின் காது

மதுரையில் சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில் மீன் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த ஒரே மனிதர் தவளை பாய்தான். இதை எந்தக் கோபுரத்தின் உச்சியில் நின்று வேண்டுமானாலும் சொல்வேன். ஏறச் சொன்னால்தான் எனக்குத் தலை சுற்றும்.

கோரிப்பாளையத்தில் ஜன்னல் ஸ்க்ரீன் துணி விற்கும் கடை அவருக்கு. சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ரப்பர் தவளை இருக்கும். அளவு குறிக்க ஒரு அம்மா பேனா கேட்க, இவர் கவனிக்காமல் தவளையை எடுத்து நீட்ட, அந்த அம்மா போட்ட அலறலில் சிவப்பு விளக்குக்கு நின்ற டவுன் பஸ் பச்சைக்குக் காத்திராமல் கிளம்பிவிட்டது.

அமெரிக்காவில் ‘பாஸ்’ என்று ஒரு மீன் இருக்கிறதாம். அதை ரப்பர் தவளை காட்டி ஏமாற்றிப் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்தே தேறியவர் பாய்.

“நம்ம கண்மாய்ல பாஸு இல்ல மாப்ள, விரால் இருக்கு. ரெண்டுக்கும் கோவம் ஒண்ணுதான். தலைக்கு மேல தவளை நீந்துனா அதுகளுக்குப் பொறுக்காது.”

கே.கே. நகர் வீட்டுக்கு ஸ்க்ரீன் வாங்கப் போன நான் தூண்டில் ராடும் ரீலுமாகத் திரும்பினேன். “இத எந்த ஜன்னல்ல மாட்டப் போறீங்க?” என்று கேட்டாள் என் மனைவி.

பாடம் கடை மொட்டைமாடியில். இந்த மூலையில் நான், அந்த மூலையில் பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் தவளை விழவேண்டும். அடுத்த வீட்டு வடகம், கேபிள் ஒயர், தண்ணீர் டாங்க் எல்லாவற்றிலும் விழுந்தது, வாளியைத் தவிர. அடுத்த பாடம் இன்னும் கொடுமை. விரால் கவ்வியதும் இழுத்தால் தவளை மட்டும்தான் கைக்கு வரும். விரால் வாயை மூடித் திரும்பும்வரை பொறுத்து, அப்புறம் வெட்டி இழுக்கவேண்டும். இதற்காகப் பாயே விராலாக நடிப்பார். டாங்குக்குப் பின்னால் உட்கார்ந்து தூண்டில் நூலைச் சுண்டுவார். நான் பதறி இழுத்ததும் அங்கிருந்து கத்துவார்:

“யோவ், நான் இன்னும் வாயவே மூடல!”

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கறார். ரப்பர் தவளையோடு இருக்கும் கொக்கியின் நுனியில் பின்பக்கம் பார்த்து ஒரு சின்ன எதிர்முள் இருக்கும், குத்தியது கழன்று வராமலிருக்க. புதிதாக வருகிறவனுக்கு அதைக் குறடால் நசுக்கி மழுங்கடித்த தவளையைத்தான் தருவார். “விரால் தப்பிச்சாத் தப்பிச்சுட்டுப் போகுது. மனுசன் தப்பிக்கணும்ல?” என்பார்.

இந்த நிலையில் அவர் மகளுக்கு நிக்காஹ் வந்தது. நிக்காஹுக்கு முந்தின நாள் விடிந்ததுமே அவர் வீட்டம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அண்ணே, மத்தியானம் திண்டுக்கல்லுலருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராங்க. டெய்லர்ட்ட ஷெர்வானி வாங்கியாரேன்னு இவரு கெளம்புறாரு. கண்மாய்ப் பக்கம் விட்ராதீங்க. உங்களத்தான் நம்பியிருக்கேன்.”

நான் நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். ஷெர்வானியை வாங்கியதும் பாய் வண்டியை வாடிப்பட்டி ரோட்டில் திருப்பினார்.

“பாய், வீடு அந்தப் பக்கம்.”

“அரை மணி நேரம் மாப்ள. ராத்திரி மழ பேஞ்சிருக்கு. இன்னைக்கு விரால் மேல வரலைன்னா அது விராலே இல்ல.”

ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கும் வயசா எனக்கு? வாடிப்பட்டி தாண்டி ஒரு கண்மாய்க் கரையில் இறங்கினோம். ஷெர்வானிக்கு அடியில் அவர் ராடு, என் ராடு, தவளைப் பை எல்லாம் முன்கூட்டியே வண்டியில் ஏறியிருந்தன. ஆகாயத்தாமரைக்கு நடுவில் கரேலென்று தண்ணீர். பாய் தன் தவளையைக் கரையோரத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ராடைக் கருவேல மரக் கவட்டையில் சாய்த்துவைத்தார். “முதல்ல நீ வீசு” என்றார்.

நிஜத் தண்ணீரில் என் முதல் வீச்சு. அங்கேதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. என் மழுங்கல் தவளைக்கு ராசியில்லை என்று தோன்ற, பாய் பார்க்காத நேரம் அவர் பையிலிருந்து பளபளவென்று ஒரு தவளையை எடுத்து மாட்டிக்கொண்டேன். ராடைப் பின்னால் ஓங்கினேன். முன்னால் வீசினேன். தவளை வரவில்லை.

“மாப்ள,” என்றார் பாய், அவர் வாயில் நான் கேட்டறியாத சாந்தமான குரலில். “நூலை லூசு விடு.”

திரும்பினேன். தவளை பாயின் வலது காது மடலில், கம்மல் மாதிரி, பச்சைத் தவளை தொங்கிக்கொண்டிருந்தது.

கரையில் உட்கார்ந்து, அவர் காதைப் பார்த்தேன், மணியைப் பார்த்தேன், மறுபடி காதைப் பார்த்தேன். தவளையோடு அவர் சம்பந்தியைக் கட்டித் தழுவும் காட்சி மனசில் ஓடியது. பாய் விரலால் தடவிப் பார்த்தார்.

“எதிர்முள் இருக்கு. எந்தத் தவளைய எடுத்த?”

“ராசியான தவளை” என்றேன். வேறு என்ன சொல்ல?

அப்போது பார்த்து அவர் போன் அடித்தது. வீட்டம்மா. பாய் போனை நல்ல காதில் வைத்தார்.

“இந்தா கெளம்பிட்டோம்மா. டிராபிக்கு.”

பின்னால் ஒரு எருமை தொண்டை கிழியக் கத்தியது.

“ஹாரன்மா. எம்புட்டுப் பெரிய லாரிங்குற! வாரேன், வையி.”

வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். “ஆஸ்பத்திரிக்குப் போனா உக்கார வச்சுருவாங்க. மாப்பிள்ளை வீடு வந்துரும். நீயே எடு.”

“நானா?”

“பின்ன, எருமையா எடுக்கும்?”

முறையைச் சொன்னார். என் ராடிலிருந்து வந்த நூலை அறுத்தாயிற்று. பையிலிருந்து வேறு நூல் எடுத்து, கொக்கியின் வளைவில் கண்ணி மாதிரி போட்டு, மறுமுனையை என் கையில் சுற்றிக்கொள்ள வேண்டும். அவர் தவளையைக் காதோடு அழுத்திப் பிடிப்பார். கொக்கி ஏறின வழியே நான் வெடுக்கென்று ஒரே இழுப்பு இழுக்க வேண்டும்.

“ஒரே இழுப்பு. நடுவுல யோசிச்ச, காது கிழிஞ்சிரும்.”

யோசிக்காமல் இருப்பது எனக்குப் பிறவியிலேயே வராது. கண்ணியை மாட்டுவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. கண்ணை மூடினேன்.

“கண்ணத் தொற!”

திறந்தேன். தவளை என்னையே பார்த்தது.

“பாய், உங்களுக்குச் சுகர் இருக்கா?”

“கோவம்தான் இருக்கு. இழு!”

கை வரவில்லை. மூன்று எண்ணி இழுப்பதாக முடிவு செய்து இரண்டரையில் நின்றேன். பாயின் கழுத்தில் ஒரு ரத்தக்கோடு இறங்கியது. அவர் முகத்தில் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தேன். “புள்ள கல்யாணம் மாப்ள” என்றார் மெதுவாக. நான் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.

அந்த நேரம் கரையோரத் தண்ணீர் ‘டபார்’ என்று வெடித்தது. மிதந்துகொண்டிருந்த பாயின் தவளையைக் காணோம். கவட்டையிலிருந்த ராடு சரசரவென்று தண்ணீரை நோக்கி ஓடியது. அவர் உயிருக்குயிரான ராடு!

“பாய், ராடு!” என்று அலறிப் பாய்ந்தேன். பாய்ந்தது கையில் நூலோடு என்பதே எனக்கு நினைவில்லை. முட்டளவு தண்ணீரில் இறங்கி ராடைப் பிடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தேன்.

“இழுக்காத! அது இன்னும் வாய மூடல!”

மூடியிருக்கவில்லைதான். தவளை மட்டும் பறந்து வந்து என் நெஞ்சில் அடித்தது. என் மற்றொரு கையில், நூல் நுனியில், இன்னொரு தவளை ஆடிக்கொண்டிருந்தது. பச்சைத் தவளை. திரும்பினேன். பாய் காதைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, வெறுந் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்துருச்சு பாய்! காது தப்பிச்சுருச்சு!”

“காது இன்னொண்ணு இருக்குடா. அந்த விரால் போச்சே!”

வழியில் ஒரு கிளினிக்கில் ஊசியும் பிளாஸ்திரியும் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டு வேன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வீட்டு வாசலைத் தொட்டோம். வீட்டம்மா நின்றுகொண்டிருந்தார். பிளாஸ்திரியைப் பார்த்தார். முட்டுவரை நனைந்த என் பேண்ட்டைப் பார்த்தார். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வாயைத் திறந்தேன். பாய் முந்திக்கொண்டார்.

“ஷெர்வானியில பின்னு இருந்துச்சும்மா. குத்திருச்சு.”

“ஓ. பின்னுல பாசி வாடையெல்லாம் அடிக்குமோ?” என்றார் அந்த அம்மா. என் பக்கம் திரும்பி, “உள்ள வந்து பேண்ட்ட மாத்துங்கண்ணே” என்றார். அந்த ஒரு ‘அண்ணே’யில் ஒரு வருட ஏச்சு இருந்தது.

மறுநாள் நிக்காஹ் முடிந்து குடும்பப் படம் எடுக்க எல்லோரும் நின்றார்கள். போட்டோக்காரர், “பாய், காதுப் பிளாஸ்திரி தெரியுது, யாரையாவது இந்தப் பக்கம் ஒட்டி நிக்கச் சொல்லுங்க” என்றார். பாயின் தம்பிமார், மச்சான்மார் எல்லோரும் ஆறடி ஆட்கள், பக்கத்திலேயே நின்றார்கள். பாய் அவர்களைத் தாண்டி, பந்திப் பக்கம் பதுங்கி நின்ற என்னைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“மாப்ள, நீ வா. வந்து இந்தக் காத மறை.”

அந்தப் படம் இன்றும் அவர் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. பிளாஸ்திரி பளிச்சென்று தெரிகிறது. நான் அவர் தோள் உயரம்தான் என்பது பாய்க்குத் தெரியாதா என்ன?