கொழுந்துத் தராசில் பந்தய பைக்

கணக்குத் தெரியாதவனால் ஒரு குடும்பத்துக்குப் பெரிய ஆபத்து வராது. அவன் நாலு பேரைக் கேட்டுக்கொள்வான். தனக்குக் கணக்குத் தெரியும் என்று நம்புகிறவன்தான் ஆபத்தானவன். இருபத்தாறு வயதில் நான் அப்படிப்பட்டவனாக இருந்தேன்.

கொடகவெலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை. சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா (ஒன்று எழுதாது, அது மரியாதைக்கு). பெண்கள் பறித்துவரும் கொழுந்தை மடுவத்தில், அதாவது நிறுவைக் கொட்டகையில், நிறுத்துப் புத்தகத்தில் எழுதுவது என் பொறுப்பு. அந்த வரிசையில் என் மாமியார் மாரியாயியும் நிற்பார். வீட்டில் என்னைத் தம்பி என்பார். மடுவத்தில் மற்றவர்களைப் போல ஐயா என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை.

மாமியாரின் மகன் செல்வம், என் மனைவியின் தம்பி, பைக் பைத்தியம். டவுனில் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த பரீத் நானாவின் பழைய 125 பைக் ஒன்றைப் பிரித்து மேய்ந்து, பந்தயத்துக்கென்று தயார் செய்திருந்தான். குருநாகலுக்கு அப்பால் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் கால் மைல் நேர் ஓட்டம். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. கொடி இறங்கியதும் முறுக்க வேண்டியதுதான். கொழும்பில் பந்தய கராஜ் வைத்திருந்த ஒருவர், அதில் ஜெயித்தால் தன்னோடு சேர்த்துக்கொள்வதாகச் செல்வத்திடம் சொல்லியிருந்தார். தோற்றால் திங்கட்கிழமையே தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிய வேண்டும் என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பேர் பதிந்தவன் தோட்டத்தை விட்டு வெளியேறியதை நாங்கள் அதிகம் பார்த்ததில்லை.

செல்வம் ஓட்டுபவன், நானா லொறிக்காரர், நான் மெனேஜர். (மெனேஜர் என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன்.) விதிகளைப் படித்தவனும் நான்தான். பைக்கும் ஓட்டுபவனும் சேர்ந்து நூற்றறுபது கிலோவுக்குக் குறையக்கூடாது. குறைந்தால் ஜெயித்தாலும் செல்லாது என்றிருந்தது.

"நிறுத்துப் பாத்துருவோம்" என்றேன். நிறுப்பதற்கு என்னைவிடத் தகுதியானவன் சப்ரகமுவவில் யார் இருந்தார்?

முழு பைக்கைக் கொழுந்துத் தராசு தாங்காது. எனவே பைக்கைப் பிரித்து ஐந்து சாக்குகளில் கட்டி, ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டி நிறுத்தேன். ஆறாவதாகச் செல்வத்தையே ஒரு சாக்கில் உட்காரவைத்துத் தொங்கவிட்டேன். சாக்குகளின் எடையைக் கவனமாகத் தனியே கழித்துவிட்டுக் கூட்டிப் பார்த்தால் நூற்றைம்பது. பத்துக் கிலோ குறைகிறது.

"நல்லவேளை நான் இருந்தேன்" என்றேன். இருவரும் நன்றியோடு தலையாட்டினார்கள்.

பைக்கில் இரும்பு கட்டினால் ஒரு பக்கம் இழுக்கும் என்று செல்வம் மறுத்துவிட்டான். ஆகவே துணியில் இடுப்புப் பட்டி தைத்து, ஆற்றுமணல் நிரப்பி, அதையும் தராசில் மாட்டி ஏழு கிலோ என்று எழுதினேன். மிச்சம் மூன்று கிலோவைப் போகிற வழியில் செல்வத்தின் வயிற்றில் ஏற்றுவதாகத் திட்டம்.

விடியற்காலையில் லொறி புறப்பட்டது. குருவிட்டயில் பாற்சோறும் கட்டசம்பலும். அவிசாவளையில் சீனி வாழைப்பழம் ஒரு சீப்பு. கரவனெல்லவில் பரோட்டா, அதன்மேல் இரண்டு செவ்விளநீர். கேகாலை வந்தபோது செல்வத்தின் கண்கள் பிதுங்கியிருந்தன.

"மச்சான், போதுங்க. மூச்சு முட்டுது."

"ஒரு அரைக் கிலோதான். கண்ண மூடிக்கிட்டுத் தின்னு."

"பாவம் தம்பி, அவன் பந்தயத்துக்குப் போறானா, குர்பானுக்குப் போறானா?" என்றார் நானா, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

அத்தோடு விட்டேனா? பழகிக்கொள்ளட்டும் என்று மணல் பட்டியையும் அவன் இடுப்பில் கட்டி, மேலே சட்டையை மாட்டிவிட்டேன். அது சமாதானப் பேச்சு நடந்த காலம். சோதனைச் சாவடிகள் குறைந்திருந்தனவே தவிர, இல்லாமல் போகவில்லை. குருநாகலைத் தாண்டியதும் ஒன்றில் லொறியை மறித்தார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், வயிற்றைச் சுற்றி விறைப்பாக ஒரு புடைப்பு, வியர்த்து வழிகிற முகம் (வியர்த்தது பரோட்டாவால்). பார்த்த சிப்பாய் நாலடி பின்னால் போய்த் துப்பாக்கியை நீட்டினான்.

"மொகத மே?" என்று கத்தினான். என்ன இது என்கிறான்.

எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அன்று ஒரு சொல் வரவில்லை. சாகப்போகிறோம் என்றே நினைத்தேன். நானாதான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, "வெலி, மஹத்தயா, வெலி!" என்று மணலைச் சொல்லிக் கெஞ்சினார். செல்வத்தை நடுரோட்டில் நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். ஒரு அதிகாரி வந்து பட்டியின் தையலை விரலால் நெம்பிப் பார்த்தார். உள்ளங்கையில் மணல் கொட்டியது.

"பந்தயத்துக்கா?" என்று சிங்களத்தில் கேட்டார். "பாரத்தைக் குறைத்துத்தானே பந்தயத்துக்குப் போவார்கள்?"

அந்த மனிதர் ஒரே பார்வையில் கேட்ட கேள்வியை நான் ஒரு தடவைகூட என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. விதிகளைப் பற்றி அவருக்கு ஒரு சின்னப் பிரசங்கம் செய்துவிட்டு லொறியில் ஏறினேன்.

மறுநாள் காலை ஓடுதளத்தில், வேண்டியவர்கள் முன்கூட்டியே நிறுத்துப் பார்க்கலாம் என்று ஒருவர் வந்து சொன்னார். பெரிய தராசு பத்தடி தூரத்தில்தான் இருந்தது.

"தேவையில்லை. நான் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை" என்றேன், எழுதாத பேனாவைத் தொட்டுக்கொண்டு.

இரண்டிரண்டு பைக்காக ஓடவிட்டார்கள். மணல் பட்டியோடு செல்வம் ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி போல ஏறி உட்கார்ந்தான். அப்படியும் முதல் ஓட்டத்தில் ஜெயித்தான். இரண்டாவதிலும் ஜெயித்தான். கடைசி ஓட்டத்தில் அரை பைக் நீளத்தில் தோற்றான். கொழும்புக்காரர் அவன் தோளைத் தட்டி, "அடுத்த முறை பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, ஜெயித்த பையனிடம் போய்விட்டார்.

பிறகு முதல் இரண்டு பேரையும் பைக்கோடு தராசில் ஏற்றினார்கள். செல்வத்துக்கு நூற்று எழுபத்து நாலு காட்டியது. பதினாலு கிலோவை எதற்காகச் சும்மா சுமந்து வந்தீர்கள் என்று நிறுத்தவர் கேட்டார். தராசு பிழை என்று சண்டைக்குப் போனேன். அடுத்த பைக் சரியாகவே காட்டியது.

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஏழு நிறுவை. அப்போதுதான் உறைத்தது. எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ என்று ஒவ்வொரு நிறுவையிலும் இரண்டு கிலோ வெட்டித்தான் எழுதுவோம். வெயில் மண்டையைப் பிளந்தாலும் ஈரம் ஈரம்தான். தோட்டத்துத் துரையின் உத்தரவு அது. ஐந்து வருடம் வெட்டிப் பழகிய கை, தராசைப் பார்த்ததும் தானாக வெட்டிவிட்டது. ஏழு இரண்டு பதினாலு.

சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் புத்தகம் கையில் திறந்து கிடந்தது.

"யா அல்லாஹ்! எஞ்சினுக்கும் ஈரம் வெட்டினீங்களா?" என்றார் நானா.

செல்வம் கத்தவில்லை. பட்டியை அவிழ்த்து மணலை ஓடுதளத்து ஓரத்தில் கொட்டினான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"மச்சான், நான் ஈரமாவா இருந்தேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வரும் வழி முழுவதும் லொறியில் யாரும் எதுவும் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை செல்வம் பேர் பதிந்தான். அன்று மதியம் மாமியார் கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டினார். முள் பதினாறில் நின்றது. பதினாலு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஐயா, பாத்து நிறுங்க" என்றார், வரிசை முழுக்கக் கேட்கும்படி. "சாக்குக்குள்ள எம் மகன் இல்ல. கொழுந்து மட்டுந்தான் இருக்கு."

மடுவமே சிரித்தது. நான் பதினாறு என்று எழுதினேன். அன்று யாருக்கும் வெட்டவில்லை. மூன்று நாள் தாக்குப்பிடித்தேன். துரை கூப்பிட்டுக் கிழித்த கிழியில், கடைசியில் ஒரு கிலோ என்று பேசி முடிந்தது. அந்த இரண்டாவது கிலோவை ஐந்து வருடம் எத்தனை பெண்களிடமிருந்து எடுத்திருப்பேன் என்று கூட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

செல்வம் எட்டு மாதம் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தான். பிறகு பரீத் நானா கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொடுத்தார். இன்று அங்கே அவனிடம் மூன்று பேர் வேலை பழகுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறான். ஆனாலும் கொழும்புக்குப் போகவேண்டியவன் என்னால் போகவில்லை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடுத்த வருடம் எனக்கு மகள் பிறந்தாள். நர்ஸ் குழந்தையைத் தட்டில் கிடத்தி, இரண்டு கிலோ எண்ணூறு என்றார். மாமியார் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்.

"நல்லவேளை, நீங்க நிறுத்தீங்க மிஸ்" என்றார். "எங்க மருமகன் நிறுத்திருந்தா எண்ணூறு கிராம் பிள்ளையத்தான் தூக்கிட்டுப் போயிருப்போம்."

மகளுக்கு வைத்த பெயர் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் இருக்கிறது. அவளுடைய மாமன் செல்வம் இன்றுவரை அவளை எண்ணூறு என்றுதான் கூப்பிடுகிறான். அவளும் ஏன் என்று கேட்காமல் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓடுகிறாள்.