கீரியின் சைக்கிளும் பாம்பின் சான்றிதழும்

ஒரு காட்டில் நடக்க முடியாத கீரி ஒன்று இருந்தது. ஆனால் சைக்கிள் ஓட்டும். நடக்க முடியாதவள் எப்படிச் சைக்கிள் ஓட்டுவாள் என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் காட்டில் கேட்காதவர்களே இல்லை.

கீரியின் பெயர் வடிவாம்பாள். பின்னங்கால்களில் இடது கால் ஒரு பொறியில் போய்விட்டது. மிச்சமிருந்த மூன்று காலால் நூறடி நடப்பதற்குள் இடுப்பு விண்ணென்று தெறிக்கும், உட்கார்ந்துவிடுவாள். சைக்கிளில் அந்தத் தொல்லை இல்லை. உடம்பின் கனத்தை சீட் தாங்கிக்கொள்ளும். வலது பாதத்தைப் பழைய டியூப் துண்டால் பெடலோடு சேர்த்துக் கட்டிக்கொள்வாள். கீழே மிதிப்பதும் அதே கால், மேலே இழுப்பதும் அதே கால். மிதிப்பது எத்தனை கால் என்று சக்கரம் கேட்கவில்லை.

அப்படித்தான் தினமும் காட்டின் மறுகோடிக்குப் போவாள். அங்கே ஒரு குரங்கின் புளி மண்டியில் கொட்டை எடுக்கிற வேலை. கூலி அன்றன்றைக்கு இரண்டு முட்டைக்கும், எப்போதாவது வருகிற பஞ்சருக்கும் சரியாக இருக்கும். கழுதையின் ஆட்டோவில் போனால் கூலியை அப்படியே கழுதையிடம் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடக்கலாம். சைக்கிள் போனால் வேலை போகும், வேலை போனால் முட்டை போகும். அவ்வளவுதான் அவள் வாழ்க்கை.

இப்படியிருக்கையில் காட்டு ராஜாவான சிங்கத்துக்குத் தொப்பை விழுந்தது. தினமும் நடக்கச் சொன்னார் வைத்தியர். ராஜாவுக்கு நடக்கப் பிடிக்காது. ஆகவே மற்றவர்கள் நடக்கட்டும் என்று ஜீப்பில் உட்கார்ந்தபடியே உத்தரவு போட்டது: ‘குடிமக்களின் உடல்நலம் கருதி, காட்டுப் பாதையில் நாளை முதல் சைக்கிளுக்குத் தடை. மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் விலக்கு. நாற்பது விழுக்காடு குறைபாடு என்று மருத்துவக் குழு சான்று தர வேண்டும்.’

வடிவாம்பாள் பயப்படவில்லை. தனக்குத்தான் ஒரு கால் இல்லையே, பார்த்தாலே தெரியுமே என்று நினைத்தாள். பாவம், அவள் அதுவரை எந்த அலுவலகத்துக்குள்ளும் நுழைந்ததில்லை.

குரங்கு மட்டும் கறாராகச் சொன்னது: “இன்னிக்கு லீவு எடுத்துக்க. நாளைக்கு சான்றோட வரலைன்னா அணிலை வெச்சுக்குவேன்.”

மருத்துவக் குழு ஒரு பாறையின் உச்சியில் இருந்தது. ஏற முப்பது படி. கீழே சைக்கிளை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வடிவாம்பாள் பதினொரு இடத்தில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிப்போனாள். அங்கே குமாஸ்தாவாக ஓர் ஓணான் இருந்தது.

“படி எப்படிம்மா ஏறினே?”

“நடந்துதான் சார். சைக்கிளைக் கீழயே நிறுத்தச் சொல்லிட்டாங்க.”

“நடக்கிறார்,” என்று எழுதிக்கொண்டது ஓணான். “வேலைக்கு எப்படிப் போறே?”

“சைக்கிள்ல சார்.”

“சைக்கிளும் ஓட்டுகிறார். பரவாயில்லையே, எனக்கே சைக்கிள் வராது.”

“சான்று கிடைச்சிடுமில்ல சார்?”

ஓணான் தலையை ஆட்டியது. வடிவாம்பாளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. ஓணான் எதற்கும் தலையாட்டும் என்பது காட்டில் குஞ்சு குளுவானுக்குக்கூடத் தெரியும். அவசரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் அது நினைவுக்கு வராது.

உள்ளே குழுவின் தலைவர் டாக்டர் நாகமாணிக்கம் மேசைமேல் படமெடுத்து உட்கார்ந்திருந்தது. அது நல்லபாம்பு. பக்கத்தில் உறுப்பினர் பூரான். கீரியும் பாம்பும் ஒன்றையொன்று பார்த்தன. பரம்பரைப் பகை ஒரு கணம் அறைக்குள் எட்டிப் பார்த்தது. ஆனால் மனு கொடுக்க வந்தவர் பல்லைக் காட்டினால் அது சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று கீரிக்குத் தெரியும். சிரித்தாள்.

“எத்தனை கால் இருக்கு?”

“மூணு டாக்டர்.”

“நாலுல ஒண்ணு போச்சு. இருபத்தஞ்சு விழுக்காடு. பத்தாது.”

“இன்னும் கொஞ்சம் போயிருந்தா நல்லாயிருந்திருக்கும்,” என்றது பூரான் இரக்கத்தோடு. “போன மழையில எனக்கு நாலு கால் போச்சு. வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்கே தெரியும்.”

“டாக்டர், சைக்கிள் இல்லைன்னா எனக்கு வேலை போயிடும். நாளைக்கே போயிடும்.”

பாம்பு அதைக் காதில் வாங்கவில்லை. ஏதோ யோசனையில் இருந்தது. “ஏன்யா,” என்றது பூரானிடம், “விழுக்காடு போடறது கால் எண்ணிக்கையை வெச்சுத்தானே?”

“ஆமாங்க.”

“எனக்கு எத்தனை கால்?”

பூரான் மேசையைச் சுற்றி வந்து பார்த்தது. நம்பாமல் இன்னொரு முறை சுற்றியது. நிமிர்ந்தபோது அதன் கண் கலங்கியிருந்தது. “டாக்டர்! இத்தனை வருஷமா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

நூறு விழுக்காடு. அன்று மாலையே சிங்கம் நேரில் வந்து பாம்புக்கு மாலை போட்டு, புத்தம்புதுச் சைக்கிள் ஒன்றை வழங்கி, படம் எடுத்துக்கொண்டது. வடிவாம்பாள் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பினார்கள்: ‘மனுதாரர் நடக்கிறார், சைக்கிளும் ஓட்டுகிறார், உதவி தேவையில்லை.’ அவள் படியில் உட்கார்ந்து அழுதாள். இறங்கவும் முப்பது படி இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகுதான் பாம்புக்குத் தன்னால் பெடல் மிதிக்க முடியாது என்பது உறைத்தது. விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். பயனாளி கேரியரில் இருந்தால் உதவியாளர் ஓட்டலாம், உதவியாளர் முழு உடல்தகுதி உள்ளவராக இருக்க வேண்டும். அப்படிச் சான்று வைத்திருப்பவர் யார் என்று தேடியபோது, படியில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த சீட்டில் டாக்டரின் கையெழுத்தே இருந்தது.

மறுநாள் காலை வடிவாம்பாள் தன் பழைய சைக்கிளிலிருந்து டியூப் துண்டைக் கழற்றிப் புதுப் பெடலில் கட்டினாள். பாம்பு கேரியரில் சுருண்டுகொண்டது. சைக்கிள் நேரே புளி மண்டிக்குப் போயிற்று. பாம்பு மறுப்புச் சொல்லவில்லை, ஏனென்றால் மண்டியில் எலிகள் கொழுத்துக் கிடந்தன. எலித்தொல்லை ஒழிந்ததென்று குரங்குக்கும் மகிழ்ச்சி. டாக்டர் ஆபீசுக்கு வந்துவிட்டாரா என்று யார் கேட்டாலும் ஓணான் தலையாட்டியது.

ஒருநாள் வீடு திரும்பும் வழியில், எலி தின்ற மயக்கத்தில் பாம்பு தூங்கிப்போய், கழுத்தை வடிவாம்பாளின் தோளில் சாய்த்தது. மெத்தென்ற கழுத்து. அவளுக்கு வாயில் எச்சில் ஊறியது. ஒரே கடி. அவள் பாட்டன் பூட்டன் எல்லோரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அப்போதுதான் பாம்பின் சான்றிலிருந்த கடைசி வரி ஞாபகம் வந்தது: ‘பயனாளி இறந்தால் சைக்கிள் திரும்பப் பெறப்படும்.’

பிரேக்கைப் பிடித்தாள். பாம்பு விழுந்துவிடாமல் தன் தலைத்துண்டால் கேரியரோடு சேர்த்துக் கட்டினாள். “டாக்டர், காத்து ரொம்ப அடிக்குதா? மெதுவா போகட்டுமா?” என்றாள்.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை தவறாமல் வடிவாம்பாள் புற்றுக்குப் பால் ஊற்றுகிறாள். தன் பங்கு முட்டையில் ஒன்றையும் அங்கே வைத்துவிட்டு, டாக்டர் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறாள். பொய்க் கும்பிடு இல்லை, உள்ளம் உருகித்தான் கும்பிடுகிறாள்.

நீதி: பரம்பரைப் பகையைத் தீர்க்கச் சமாதானப் பேச்சு வேண்டாம். ஒருவருக்குச் சேர வேண்டியதை அவருடைய பகைவன் பெயரில் எழுதிக் கொடுத்தால் போதும், பாசம் தானாக வந்துவிடும்.